டிரைவர் நடந்த பதினேழு நிமிஷம்

பதினோரு வருஷத்தில் அவன் பத்தொன்பது தடவை செத்திருக்கிறான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, எண்ணி வைத்திருக்கிறான். குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்தது மூன்று. மாடிப்படி அடியில் தலை கீழே கால் மேலே என்று கிடந்தது நாலு. ஒரு தடவை துணி அலமாரிக்குள் முட்டியை மடக்கி உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்து கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறதா என்று பார்க்க முக்கால் மணி நேரம் கத்த விட்டார்கள். கேட்டதாம். கேட்டும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

வேலைக்கு எடுத்த உத்தரவில் டிரைவர் என்றுதான் போட்டிருந்தது. ஜீப் ஓட்ட வேண்டும், கழுவ வேண்டும், டயரில் காற்று பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்தான் என்றாலும் அந்த ஒரு தாளை அவன் பத்துத் தடவை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறான். பிணமாகக் கிடக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. சந்தேகப்பட்ட ஆள் ஓடிய சந்தில் ஓட வேண்டும், அவன் குதித்த சுவரில் குதிக்க வேண்டும் என்றும் இல்லை. கொலை வழக்குப் பார்க்கிற போலீஸ் அதிகாரியான அந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டப் போன முதல் வாரமே, "தம்பி, கொஞ்சம் இப்படிப் படுங்க" என்றார். படுத்தான். அன்று ஆரம்பித்தது. வீட்டுக்குப் போனால் சட்டை முதுகைப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டி கேட்பாள்: "இன்னைக்கு என்ன, செத்தீங்களா, கொன்னீங்களா?" பிள்ளைகள் சிரிக்கும். ஐம்பது வயது ஆளுக்கு இது தேவையா?

அந்த அம்மாவுக்கு அவனை விட ஏழு வயது கூட. அதனால் தம்பி. தலை பாதிக்கு மேல் நரைத்த ஒருத்தனை, கூட்டம் கூடி நிற்கிற இடத்தில், தம்பி என்று கூப்பிட உலகத்தில் அவருக்கு மட்டும்தான் வாய் வந்தது. கோபம் வந்தால் மட்டும் டிரைவர் என்பார். பதினோரு வருஷத்தில் நாலைந்து தடவை டிரைவர் ஆகியிருப்பான்.

அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'இன்னொருதடவை' என்று பெயர். எதையும் ஒரு தடவை கேட்டு நிறுத்துகிற பழக்கம் கிடையாது. சாட்சி ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "நல்லா சொன்னீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். மூன்றாவது தடவை சாட்சி அழுவான். அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டு நாலாவது தடவை கேட்பார். இதில் சத்தம் போட மாட்டார், மேசையைத் தட்ட மாட்டார். தட்டினாலாவது தேவலை.

அவருடைய அப்பா தையல்காரர். அந்த வீட்டிலிருந்து அவர் கொண்டு வந்தது ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பட்டன்கள். இரண்டாவது மாடியில் அவருடைய அறை ஜன்னல் ஓரத்தில் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருக்கும். ஒரு வழக்கில் எத்தனை பேர் மேல் சந்தேகமோ அத்தனை டம்ளர். யார் டம்ளர் எது என்று துண்டுத்தாள் ஒட்டியிருப்பார். ஒருத்தர் சொல்லக் கேட்டது என்றால் கறுப்புப் பட்டன் ஒன்று உள்ளே விழும். ஒருத்தர் கண்ணால் பார்த்தது என்றால் வெள்ளை. அவரே சோதித்துப் பார்த்து உறுதியானது என்றால் பெரிய கோட்டுப் பட்டன். பொய் என்று தெரிந்தால் போட்ட பட்டனை எடுத்துவிடுவார். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எழுதுகிற சின்ன வயசு அதிகாரிகள் இதைப் பார்த்துக் கண்ணடித்துக் கொள்வார்கள். அவருக்கும் தெரியும். "கோர்ட்ல எதிர்க்கட்சி வக்கீல் வந்து இதைக் கவுத்துக் கொட்டுறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை கவுத்துப் பாத்துக்கறேன்" என்பார்.

தினமும் சரியாக ஒரு மணிக்கு அவருடைய வீட்டுக்காரர் போன் பண்ணுவார். பேங்கில் இருந்து ரிட்டையர் ஆன மனிதர். மனைவி சாப்பிட்டாளா என்பது ஒன்றுதான் அவருக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்த கவலை. அந்த அம்மா எங்கேயாவது பிணத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருப்பார், போன் டிரைவரிடம் இருக்கும். "சாப்பிட்டாங்க சார், இப்பத்தான் கை கழுவப் போனாங்க" என்பான். வாரத்துக்கு ஐந்து நாள் இந்தப் பொய். அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு, டப்பாவில் ஆறிப் போனதை ஜீப் முன் சீட்டில் உட்கார்ந்து, போட்டோக்களைப் புரட்டிக் கொண்டே சாப்பிடுவார். வெட்டுக் காயம், ரத்தம், இதையெல்லாம் பார்த்துக்கொண்டு எப்படித்தான் இறங்குமோ. அவனுக்கு வண்டி ஓட்டவே கஷ்டமாக இருக்கும்.

அவருக்கு ரிட்டையர் ஆக இரண்டு மாதம் இருக்கும்போது டயர் பட்டறைக்காரர் கொலை வந்தது.

பழைய டயருக்குப் புதுத் தோல் ஒட்டுகிற பட்டறை. கீழே மெஷின்கள், மேலே முதலாளியின் அறை. பின்பக்கச் சந்தில் ஒரு இரும்புப் படிக்கட்டு உண்டு, அதில் ஏறினால் கீழே வேலை செய்கிறவர்கள் கண்ணில் படாமல் மேலே போய்விடலாம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பத்துக்கு முதலாளி ஜன்னலில் தலையை நீட்டி, பாய்லரை அணைக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். மூன்றே முக்காலுக்கு டீ கொண்டு போன பெண் பார்த்தபோது ஆள் மேசைக்கு அடியில் கிடந்தார். பின்மண்டையில் அடி. பக்கத்திலேயே டயர் கழற்றுகிற இரும்பு லீவர். மெஷின் போடுகிற சத்தத்தில் கீழே யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று டம்ளர் வந்தது. ஒன்று, பட்டறையில் பாதிப் பங்கு வைத்திருந்த கூட்டாளி. இடத்தை விற்க வேண்டும், விற்கக் கூடாது என்று இரண்டு பேருக்கும் ஆறு மாதமாகச் சண்டை. ஆனால் கொலை நடந்த அன்று தான் பக்கத்து ஊரில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய் ஐந்து மணிக்குத்தான் திரும்பினேன் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது, வேலையை விட்டு நிறுத்தப்பட்ட வெல்டர். குடித்துவிட்டுப் பட்டறை வாசலில் நின்று கன்னாபின்னா என்று ஏசியவன். மூன்றாவது, செத்தவரின் மச்சினன், மனைவியின் தம்பி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் மெஷின் பார்க்கிறவன்.

முதலாளி வீட்டில் நல்ல மனிதர் இல்லை. பெண்டாட்டியை அடிப்பார். போன மாதம் அடித்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு. அன்று இந்த மச்சினன் தெருவில் நின்று, "இனிமே எங்கக்கா மேல கை பட்டா அந்தக் கை இருக்காது" என்று சொன்னதை எட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். லீவரில் அவனுடைய கைரேகை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் உதவி செய்கிறவன் என்பதால் ரேகை இருப்பதில் ஆச்சரியம் இல்லை, ஆனாலும் இருந்தது. சட்டையில் கறுப்பாக ரப்பர் கறை வேறு. மூன்று மணிக்குத் துணி மூட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறான். மூன்றே முக்காலுக்கு அடுத்த மூட்டைக்குக் கையெழுத்து. நடுவில் முக்கால் மணி நேரம் மெஷினோடு தனியாக. அவன் ஸ்கூட்டர் காவலாளி கண் முன்னாலேயே நின்றிருந்தது, அசையவே இல்லை. போனான் என்றால் பின்வாசல் வழியாக நடந்துதான் போயிருக்க வேண்டும்.

அவனுக்குச் சின்ன வயசில் கால் ஒடிந்து, ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டை. ஓட முடியாது. இதைக் கேட்டதும் அந்த அம்மா டிரைவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்களுக்கு முட்டி வலி இன்னும் இருக்கில்ல?"

மனிதருக்கு முட்டி வலி இருப்பது கூட ஒருத்தருக்குச் சௌகரியமாகப் போகும் என்று அவன் அன்றுதான் தெரிந்துகொண்டான்.

மறுநாள், அதே மூன்று மணி வெயில். சலவைக் கூடத்துப் பின்வாசலில் அந்த அம்மா கடிகாரத்தோடு. பட்டறைப் பின்படியில் உதவி அதிகாரி கடிகாரத்தோடு. 'அவசரம்' என்று பெயர் வாங்கிய ஆள் அவர், எந்த வழக்கையும் சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் அவருக்கு. நடுவில் நடக்க வேண்டியது இவன். ஆஸ்பத்திரி மதில், மருந்துக்கடை வரிசை, ரயில் பாதை மேல் எழுபத்திரண்டு படி உள்ள நடைபாலம், அப்புறம் கால்வாய்ச் சுவர் ஓரமாக ஒரு நீளம், கடைசியில் சந்து. சாதாரணமாக நடக்கச் சொன்னார். போகிற நேரம்தான் வருகிற நேரம், ஒரு வழி நடந்தால் போதும் என்று அன்று அதிசயமாகக் கருணை காட்டினார்.

காலையில் சாப்பிட்டதுதான். முட்டி விண் விண் என்று தெறித்தது. மருந்துக்கடை தாண்டிப் பாலத்துப் படியை அண்ணாந்து பார்த்தபடி மனசுக்குள் அந்த அம்மாவை, அவருடைய டம்ளர்களை, அவருக்கு வேலை கொடுத்தவர்களை எல்லாம் திட்டிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. ஓட்டுகிறவன் பழைய சிநேகிதம். ஒன்றும் கேட்கவில்லை, எட்டிக் கதவைத் திறந்தான், அவ்வளவுதான். இவன் ஏறினான்.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஸ்டியரிங் பிடித்தவர்களிடம் கேட்க வேண்டும். ஒரு டிரைவர் நடந்து போவதை இன்னொரு டிரைவரால் பார்த்துக்கொண்டு போக முடியாது. நிறுத்துவான். நிறுத்தினால் ஏற வேண்டும். ஏறாமல் போனால் அது அவனை அவமானப்படுத்துவது. முப்பது வருஷமாக அவன் அப்படித்தான் ஏறியும் ஏற்றியும் வந்திருக்கிறான். ஏறுவது தப்பு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அதுவும் நடப்பதில் சேர்த்தி. லாரி சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிப் போய்ச் சந்து முனையில் இறக்கிவிட்டது. மிச்சத்தை முறையாக நொண்டிக்கொண்டே நடந்தான். உதவி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "பதினேழு நிமிஷம்" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார்.

பதினேழு போக, பதினேழு வர, நடுவில் அடிக்க மூன்று நிமிஷம். முக்கால் மணி நேரத்தில் தாராளமாக அடங்கியது. அந்த அம்மா அறைக்கு வந்து மூன்றாவது டம்ளரில் கோட்டுப் பட்டனைப் போட்டார். 'டங்' என்று சத்தம் கேட்டது. இவன் வாசலில் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தான். அந்தச் சத்தத்துக்கும் தனக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது.

மறுநாள் மத்தியானம் மச்சினனைப் பிடிக்கப் போனதும் இவன் ஓட்டிய ஜீப்தான். அக்கா வீட்டுத் தெரு. கீழே மருந்துக்கடை, மேலே இரண்டு அறை. தெருவில் உள்ள ஜன்னல் எல்லாவற்றிலும் தலை. அக்காவுக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தவனை ஈரச் சட்டையோடு நடத்திக் கூட்டி வந்து பின்சீட்டில் ஏற்றினார்கள். போகிற வழியில் உதவி அதிகாரி அவனிடம் வரிசையாக எடுத்து விட்டார்: நீ மிரட்டினது, லீவர்ல ரேகை, சட்டையில கறை, இது எல்லாத்துக்கும் நீ சாக்குச் சொல்லலாம், ஆனா நேரம் பொருந்துது, நடந்து பாத்தாச்சு, பதினேழு நிமிஷம்.

"பதினேழு நிமிஷத்துல என்னால அந்தப் பாலத்தையே தாண்ட முடியாது சார்" என்றான் அவன்.

ஸ்டியரிங்கில் இருந்த கை அங்கேயே நின்றது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் விழுந்ததே தெரிந்தது.

இறங்கும்போது மச்சினன் இவன் பக்கம் குனிந்து சொன்னான்: "அண்ணே, அக்காவுக்கு வலது கை கட்டு. மாத்திரை அட்டையைப் பிரிக்க வராது. யார்கிட்டயாவது பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்கண்ணே." கொலைப் பழியில் உள்ளே போகிறவன் கேட்கிற உதவியா இது? நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும். சாயங்காலம் போய்க் கீழே மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தான். மேலே ஏறத் துணியவில்லை.

வீட்டில் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் முகத்தைக் கூடத் திருப்பவில்லை. அந்த அம்மாவிடம் சொன்னால் வேலை போகும் என்றான். "போகட்டும். நீங்க எதுக்கு ஏறுனீங்க?" என்றாள். லாரி நின்றது என்றான். "லாரி நின்னா?" என்றாள்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கோர்ட்டில் ஆளை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் ஜெயில்தான், வழக்கு நடந்து முடிய வருஷக்கணக்கு ஆகும். காலையில் அவன் ஜீப்பை இரண்டு தடவை கழுவினான். ஒன்பது மணிக்கு அந்த அம்மா கைப்பையோடு வந்து முன்சீட்டில் ஏறினார். இவன் சாவியைத் திருகவில்லை.

"வண்டியை எடுங்க தம்பி."

"அம்மா, அந்தப் பதினேழு நிமிஷம் முழுக்க நான் நடக்கலைங்க. பாலத்துக்கிட்ட தண்ணி லாரியில ஏறிட்டேன்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"கை காட்டி நிறுத்துனீங்களா டிரைவர்?"

"இல்லைங்க, அவனா நிறுத்துனான். டிரைவர் நடந்தா டிரைவர் நிறுத்துவாங்க. எங்க பழக்கம் அது. ஏறுனது தப்பாவே தெரியலைங்க."

"நேத்து அந்த ஆளை ஏத்துனப்ப தெரிஞ்சதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க அவன் உள்ள இருந்திருக்கான்" என்றார். அவ்வளவுதான். இதை விடக் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

மேலே கூட்டிப் போனார். மூன்றாவது டம்ளரை நீட்டி, கோட்டுப் பட்டனை அவன் கையாலேயே எடுக்கச் சொன்னார். டம்ளர் வாய் குறுகல், விரல் தடி. எடுக்க முடியாமல் தடவிக்கொண்டு நின்றான். அவர் உதவி செய்யவில்லை. கடைசியில் கவிழ்த்து எல்லாவற்றையும் கொட்டி, பெரியதைப் பொறுக்கி மேசை மேல் வைத்தான். மிச்சம் எட்டுக் கறுப்பு, இரண்டு வெள்ளை. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி வலிக்காரன் பதினேழு நிமிஷத்தில் வந்தான் என்று சொன்னபோதே தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்றார். ரிட்டையர் ஆவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தனக்கும் உள்ளே இருந்திருக்கிறது, அதனால்தான் இன்னொரு தடவை என்று வாயில் வரவில்லை என்றார். இதை அவனிடம் சொன்னாரா, ஜன்னலிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

உதவி அதிகாரி வந்து குதித்தார். டிரைவர் லாரியில் போக முடியும் என்றால் மச்சினனும் ஏதாவது வண்டியில் போயிருக்கலாமே, கோர்ட் நேரத்தில் இது என்ன கூத்து என்றார்.

"போயிருந்தா அவனை ஏத்திக்கிட்டுப் போன ஒருத்தன் இருப்பான்" என்றார் அந்த அம்மா. "அவனைக் கூட்டிட்டு வாங்க, நானே பட்டனைத் திரும்பப் போடறேன். அது வரைக்கும் நடை. அதுவும் இன்னொரு தடவை."

இந்தத் தடவை அவனை நம்பித் தனியாக விடவில்லை. தானும் கூட நடந்தார். ஐம்பத்தேழு வயசு, இடுப்பு வலி, காலில் பட்டையான செருப்பு. ஆஸ்பத்திரி மதில் முடிவதற்குள் மூச்சு வாங்கினார். பாலத்துப் படியில் அவன் முன்னால் போய் நின்று கை நீட்டினால், "இப்ப நீங்க அந்தச் சந்தேகப்பட்ட ஆள். எனக்குக் கை குடுக்கக் கூடாது, நடங்க" என்றார். இரண்டு டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஒருத்தன் ஆட்டோ, ஒருத்தன் ரொட்டி வேன். இரண்டு பேரையும் அவர் ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார்கள். இரும்புப் படிக்கட்டில் கால் வைத்தபோது இருபத்தெட்டு நிமிஷம். படியிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அப்பாடா, முடிந்தது என்று அவன் முட்டியைப் பிடித்தான்.

"சரி, திரும்பி நடப்போம்" என்றார்.

"போற நேரம்தான் வர்ற நேரம்னு சொன்னீங்களேம்மா."

"அப்படிச் சொன்னதாலதான் இன்னைக்கு இங்க நிக்கிறோம்."

திரும்ப முப்பத்தொன்று. நடை மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வலியில் வந்ததா, வேறு எதிலாவது வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் லாரிக்காரனைக் கூப்பிடச் சொன்னார். டிரைவர் சொல்வது உண்மைதானா, எங்கே ஏறினான், எங்கே இறங்கினான் என்று அவன் வாயால் கேட்க வேண்டுமாம். செய்த தப்பை ஒத்துக்கொண்டால் கூட அதற்கும் ஒரு சாட்சி வேண்டும் இந்த அம்மாவுக்கு. லாரிக்காரன் வந்து உட்கார்ந்து, சிநேகிதனைக் காட்டிக் கொடுக்கிறோமோ என்று இவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். மூன்று தடவை சொல்ல வைத்தார். மூன்றாவது தடவை, சந்து முனையில் எதற்கு இறக்கினாய், உள்ளே வரைக்கும் போயிருக்கலாமே என்று கேட்டார்.

"உள்ள போனா மாட்டிக்குவேன்மா. போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான் ஆச்சு. அந்தச் சந்துல இருக்கற லாட்ஜுக்குத் தண்ணி விடப் போனா, தொட்டி வாயை மறிச்சு ஒரு வெள்ளை வேன். பத்து நிமிஷம் ஹாரன் அடிச்சேன். அப்புறம் அந்தப் பட்டறைக் கூட்டாளி பின்படியில இறங்கி வந்து எடுத்தாரு."

உதவி அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். எத்தனை மணி என்று அந்த அம்மா கேட்டார். மூன்றரைக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் கிளம்பினேன், லாட்ஜ்காரர் நோட்டில் நேரம் இருக்கும் என்றான். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று உதவி அதிகாரி பாய்ந்தார்.

"யாரு கேட்டா? மறுநாள் வந்தப்ப நீங்கதான் சார் லாரியை ஓரமா எடுன்னு விரட்டுனீங்க."

லாட்ஜ் நோட்டு வந்தது. பக்கத்து ஊர் வாடிக்கையாளருக்குப் போன் போட்டார்கள். கூட்டாளி பன்னிரண்டு மணிக்கு வந்தார், ஒன்றரைக்கே கிளம்பிவிட்டார் என்றார் அவர். முதல் டம்ளரில் இரண்டு வெள்ளை விழுந்தது. கோட்டுப் பட்டன் போடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒன்றரைக்குக் கிளம்பினால் மூன்று மணிக்கு வந்து சேர முடியுமா என்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் போடுவேன் என்றார். ஓட்டிப் பார்த்தார்களாம், வேறு டிரைவரை வைத்து. நாலாம் நாள் கூட்டாளி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டான்.

வேறு டிரைவர் எதற்கு என்றால், அன்றைக்கே அந்த அம்மா இவனைப் பற்றி நாலு வரி எழுதினார். நடந்ததாகச் சொன்னது பொய், லாரியில் ஏறினான், அதனால் குற்றம் செய்யாத ஒருவர் ஒரு ராத்திரி உள்ளே இருந்தார், தானாக வந்து ஒத்துக்கொண்டான். கீழேயே, கூட நடந்து சரிபார்க்காமல் விட்டது என் தவறு என்று தன்னைப் பற்றி இரண்டு வரி. எழுதியதை அவனிடமே வாசித்துக் காட்டினார். பதினோரு வருஷம் அவருக்காகத் தரையில் புரண்டவன். நாலு வரியை மூன்று வரியாக்கவாவது மனசு வந்ததா? வரவில்லை. ஆனால் வாசித்து முடித்ததும், அவர் எழுதியதில் மாற்றச் சொல்ல அவனுக்கும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மறுநாள் முதல் அவனுக்குக் காகிதக் கட்டு ஏற்றுகிற வேன்.

வேன் எல்லாம் மறுநாள்தான். அன்று மூன்று மணிக்கு மச்சினனை வெளியே கொண்டு வந்தார்கள். செருப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள், பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். அந்த அம்மா படி இறங்கி வந்து அவனிடம் கை கூப்பி, தப்பு எங்கள் மேல் என்றார். அப்புறம் ஜீப் ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார்.

"தம்பி" என்றார். டிரைவர் இல்லை, தம்பி. "நேத்துத் தெருவே பாக்க ஏத்துனீங்க. இன்னைக்கு வீட்டு வாசல்ல நிறுத்தி, நீங்களே இறங்கிக் கதவைத் திறந்து விடுங்க. மேல போய் அவங்க அக்காகிட்ட என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு உடனே கிளம்பக் கூடாது. அவங்க கேக்கறதையெல்லாம் கேட்டு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காதீங்க."

அதற்குப் பிறகு அவர் அவனிடம் வேறு வேலை சொன்னதில்லை.

நிறுத்தினான். திறந்துவிட்டான். மேலே ஏறினான். அக்கா இடது கையால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தம்பியை உள்ளே போய்க் குளிக்கச் சொன்னாள். இவன் உட்கார்ந்து, லாரியில் ஏறியது முதல் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த எட்டுப் பேரு என் தம்பி மிரட்டுனான்னு சொன்னாங்களே, நான் அடி வாங்குனப்ப எங்க இருந்தாங்கன்னு யாராவது கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தாள்.

மூன்றே முக்காலுக்கு உட்கார்ந்தவன், ஆறு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.